பழைய ஃபிளாக்‌ஷிப் போன் மலிவாகக் கிடைக்கிறது, மிச்சம் எத்தனை மாதம்?

வெளிவந்த நாளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டிய ஃபிளாக்‌ஷிப், அதாவது கம்பெனியின் உச்ச மாடல் போன், மூன்று வருடம் கழித்துப் பாதி விலைக்கும் கீழே வந்து நிற்கிறது. கேமரா அதேதான், திரை அதேதான், உலோக விளிம்பும் கண்ணாடி முதுகும் அப்படியே இருக்கின்றன. 'அன்லாக் செய்தது, எந்த சிம்மும் போடலாம்' என்று விளம்பரத்தில் ஒரு வரி வேறு. அதே காசுக்குப் புதிதாகக் கிடைக்கும் நடுத்தர போனைக் கையில் எடுத்தால் பிளாஸ்டிக் முதுகும் சுமாரான கேமராவும். மனசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

சாயட்டும், தப்பில்லை. பழைய ஃபிளாக்‌ஷிப் பல நேரங்களில் நல்ல பேரம்தான். ஆனால் விற்பவர் அடுக்கிச் சொல்லும் சிப், ரேம், மெகாபிக்சல் எல்லாம் மூன்று வருடத்தில் அதிகம் தேயாத சமாச்சாரங்கள். தேய்பவை வேறு: அப்டேட்டுக்கு இருக்கும் கெடு, பேட்டரியின் உயிர், நெட்வொர்க்கோடு உள்ள பொருத்தம். விளம்பரத்தில் இவற்றைப் பற்றி ஒரு வரி இருந்தாலே அதிசயம். இவை மூன்றும் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் அந்த விலை மலிவா இல்லையா என்று பேச முடியும்.

விலை ஏன் இவ்வளவு வேகமாக இறங்குகிறது? போன் கெட்டுப்போவதால் அல்ல. வருடத்துக்கு ஒரு புது மாடல் வந்தே தீர வேண்டும் என்பது இந்தத் தொழிலின் விதி. புது மாடல் வந்த வாரமே பழையது பழையதாகிவிடுகிறது. தவணையில் வாங்கியவர்கள் தவணை முடிந்ததும் எக்ஸ்சேஞ்சில் போடுகிறார்கள், அந்த போன்கள் மொத்தமாகச் சந்தைக்கு வருகின்றன. ஆண்ட்ராய்டு கம்பெனிகள் புது போனுக்கே சில மாதத்தில் தள்ளுபடி போட ஆரம்பிப்பதால் செகண்ட் ஹேண்ட் விலை இன்னும் கீழே போகிறது. ஐபோன் விலை மெதுவாகத்தான் இறங்கும். அதனால் மூன்று வருடப் பழைய ஐபோனை 'பேரம்' என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அதே வயதுள்ள சாம்சங் கேலக்ஸியோ கூகுள் பிக்சலோ என்றால் அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

ஒரு வருட மாடலுக்கும் அடுத்த வருட மாடலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சொற்பம் என்பது உண்மைதான், ஆனால் எல்லா வருடங்களும் ஒன்றல்ல. 2021 போன்களில் இருந்த குவால்காம் கம்பெனியின் ஸ்னாப்டிராகன் 888 சிப், 2022 தொடக்கத்துப் போன்களில் இருந்த 8 ஜென் 1 சிப் இரண்டும் சூட்டுக்குப் பேர்போனவை. அதே 2022 நடுவில் வந்த 8 பிளஸ் ஜென் 1 சிப்பை சாம்சங் ஆலையிலிருந்து தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாற்றித் தயாரித்தார்கள், சூடும் குறைந்தது, பேட்டரியும் நின்றது. அடுத்து வந்த 8 ஜென் 2 அதைவிட நன்றாக அமைந்தது. கேலக்ஸி எஸ்22 ஐரோப்பாவில் சாம்சங்கின் சொந்த எக்ஸினோஸ் 2200 சிப்போடும் வேறு பல நாடுகளில் 8 ஜென் 1 சிப்போடும் வந்தது. எஸ்23 உலகம் முழுக்க 8 ஜென் 2-தான். இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை, விலையிலும் இடைவெளி சின்னதாகவே இருக்கும். அந்தச் சின்ன இடைவெளியைக் கொடுத்து எஸ்23 எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

நடுத்தரப் புது போனோடு ஒப்பிட்டால் பழைய ஃபிளாக்‌ஷிப் எங்கே ஜெயிக்கிறது? பெரிய கேமரா சென்சார், தூரத்தை உண்மையாகவே கிட்டே கொண்டுவரும் டெலிபோட்டோ லென்ஸ், கை ஆடினாலும் ஆடாத வீடியோ, வெயிலில் படிக்க முடிகிற திரை, ஒயர்லெஸ் சார்ஜிங், வேகமான யூஎஸ்பி. வீடியோ எடுப்பவர்களுக்கு இதில் வாதமே தேவையில்லை. ஆனால் பேச, படிக்க, பணம் அனுப்ப மட்டும் போன் வேண்டும் என்றால் புது நடுத்தர போனின் புது பேட்டரியும் வாரன்டியும் நீண்ட அப்டேட் காலமும் அதிக நாள் உழைக்கும். 2024-இல் வந்த பிக்சல் 8ஏ போனுக்கே ஏழு வருட அப்டேட். 2025-இல் வந்த கேலக்ஸி ஏ36, ஏ56 இரண்டுக்கும் ஆறு வருடம். பழைய ஃபிளாக்‌ஷிப்பின் உண்மையான போட்டியாளர்கள் இவைதான்.

பூட்டு ஒன்றல்ல

அன்லாக் என்று விற்பவர் சொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு பூட்டைப் பற்றித்தான்: நெட்வொர்க் கம்பெனி போட்ட பூட்டு. தவணையில் போன் விற்கும் நாடுகளில், கடன் தீரும் வரை வேறு கம்பெனி சிம் வேலை செய்யாதபடி போனைக் கட்டிவைப்பது வழக்கம். கனடா 2017 டிசம்பர் முதலும் பிரிட்டன் 2021 டிசம்பர் முதலும் இப்படிப் பூட்டிய போனை விற்கக் கூடாது என்று நிறுத்திவிட்டன. அமெரிக்காவில் இன்னும் இருக்கிறது, அங்கிருந்து கிளம்பும் பழைய போன்கள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் 'அபௌட்' பக்கத்தில் 'கேரியர் லாக்' என்ற வரியைப் பார்த்தால் போதும், 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வேறு கம்பெனி சிம்மைப் போட்டு ஒரு கால் செய்து பார்ப்பதைவிட நம்பகமான வழி இல்லை.

இரண்டாவது பூட்டு முந்தைய உரிமையாளரின் கணக்கு. திருட்டைத் தடுக்க ஆப்பிள் 2013-இல் ஐஓஎஸ் 7-ஓடு ஆக்டிவேஷன் லாக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டில் 5.1 பதிப்பு முதல் ஃபேக்டரி ரீசெட் புரொடெக்‌ஷன் வந்தது. பழைய கணக்கை நீக்காமல் போனை அழித்தால், புதிதாகத் திறக்கும்போது அந்தப் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். அந்தப் பாஸ்வேர்டு இல்லையென்றால் கையில் இருப்பது கண்ணாடிப் பலகை.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றுவது. கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் போன்கள் அந்தக் கம்பெனியின் மேலாண்மை முறையில் பதிவாகியிருக்கும். அதை எம்டிஎம் என்பார்கள். வேலையை விட்டவர் போனைத் திருப்பிக் கொடுத்தாலும், கம்பெனி அந்தப் பதிவை நீக்காமல் மொத்தமாகக் கழித்துவிட்டால், போன் சந்தைக்கு வந்துவிடும். சர்வரை ஒருமுறை தொட்ட பிறகுதான் இந்தப் பூட்டு வெளியே தெரியும். கடையில் வைஃபை இல்லாமல் செட்டப்பைத் தாண்டிக் காட்டினால் எல்லாம் சரியாகவே இருக்கும். வீட்டுக்கு வந்து அழித்து, வைஃபை போட்டுத் திறக்கும்போது 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்ற பக்கம் எதிரே வரும்.

ஆகவே வாங்கும் இடத்திலேயே, காசு கைமாறும் முன், முழுதாக அழித்து, வைஃபையோடு இணைத்து, முகப்புத் திரை வரும் வரை செட்டப்பை முடித்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. 'அதெல்லாம் நான் பார்த்துவிட்டேன்' என்று சொல்லி இதற்கு மறுப்பவரிடம் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

அதோடு ஐஎம்இஐ எண்ணையும், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணையும், பார்த்துவிடலாம். டயலரில் *#06# அடித்தால் 15 இலக்க எண் வரும். முதல் 8 இலக்கம் எந்த மாடல் என்பதைச் சொல்லும், கடைசி இலக்கம் எண் சரியா என்று சோதிக்க. திரையில் வருவதும் செட்டிங்ஸில் இருப்பதும் பெட்டியில் அச்சடித்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். திருட்டுப்போன போன்களின் எண்களை நெட்வொர்க் கம்பெனிகள் தடைப்பட்டியலில் சேர்க்கின்றன. கவனிக்க வேண்டிய விஷயம், தவணை பாக்கி உள்ள போனும் அந்தப் பட்டியலுக்குப் போகலாம், அதுவும் நீங்கள் வாங்கி மாதங்கள் கழித்து. விற்றவர் அன்றைக்குத் தவணை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பார், பட்டியலில் எண் இருக்காது. அப்புறம் கட்டுவதை நிறுத்துவார், உங்கள் போனில் டவர் போகும். இதற்கு முழுப் பாதுகாப்பு எதுவும் இல்லை. முதலில் வாங்கிய ரசீதைக் கேட்கலாம், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கலாம், அவ்வளவுதான்.

பூட்டு இல்லை, ஆனால் கால் போகவில்லை

பூட்டு எதுவும் இல்லை என்பதற்காக உங்கள் நெட்வொர்க்கில் அந்த போன் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. ஒரே பெயரில் விற்கும் போன் ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் வேறு மாடல் எண்ணில் வருகிறது. உள்ளே இருக்கும் ரேடியோ பிடிக்கும் அலைவரிசைகளும் மாறுகின்றன. உங்கள் நெட்வொர்க் கட்டடத்துக்குள்ளே எட்டுவதற்குப் பயன்படுத்தும் தாழ்ந்த அலைவரிசை அந்த மாடலில் இல்லையென்றால், தெருவில் டவர் நிறைய இருக்கும், வீட்டுக்குள் வந்தால் காணாமல் போகும். போனின் பெயரை வைத்துத் தேடாமல் முழு மாடல் எண்ணை வைத்துத் தேடினால்தான் இது பிடிபடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி. 4ஜி வந்த காலத்தில் டேட்டா 4ஜியில் ஓடும், கால் வந்தால் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசும். பழைய நெட்வொர்க்குகளை மூட ஆரம்பித்ததும் இறங்குவதற்கு இடமில்லாமல் போயிற்று. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியிலும் வெரைசான் அந்த வருட டிசம்பர் கடைசியிலும் 3ஜியை நிறுத்தின. இனி 4ஜி வழியாகவே கால் பேசத் தெரிந்தால்தான் போன். இங்கேதான் வினை. போனில் வோல்டி வசதி இருந்தாலும், அந்த மாடலைத் தன் பட்டியலில் சேர்க்காத நெட்வொர்க் அதை அனுமதிக்காமல் விடலாம். வேறு நாட்டுக்காகத் தயாரித்த ஃபிளாக்‌ஷிப்கள் இதில் அடிக்கடி மாட்டுகின்றன. வாட்ஸ்அப் ஓடும், வீடியோ ஓடும், சாதாரண கால் மட்டும் போகாது.

ஆஸ்திரேலியாவில் இது இன்னும் ஒரு படி போயிற்று. அங்கே டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் என்ற இரண்டு நெட்வொர்க் கம்பெனிகளும் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜியை மூடின. அப்போது ஒரு வகை போன்கள் அகப்பட்டன: சாதாரண கால்களுக்கு 4ஜியைப் பயன்படுத்தும், அவசர எண்ணை அழைத்தால் மட்டும் 3ஜிக்கு இறங்கும்படி உள்ளே எழுதப்பட்டவை. வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஆம்புலன்ஸ் தேவைப்படும் நிமிடம் வரை. அதனால் அவசர அழைப்பு 4ஜியில் போகாத போன்களை நெட்வொர்க்கிலேயே சேர்க்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த போன்கள், வெளிநாட்டில் வாங்கியவை பல உட்பட, ஒரே முடிவில் பயனற்றுப் போயின. நீங்கள் வாங்க நினைக்கும் மாடலின் பெயரை உங்கள் நெட்வொர்க் கம்பெனியின் வோல்டி பட்டியலில் தேடிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சில்லறை விஷயங்கள் இரண்டு. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-உம் அதற்குப் பிறகு வந்தவையும் சிம் தட்டே இல்லாதவை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். ஹுவாவே விஷயத்தில் 2019-தான் எல்லைக்கோடு: பி30 ப்ரோவில் கூகுள் ஆப்கள் உண்டு, அந்த வருடம் செப்டம்பரில் அறிவித்த மேட் 30 வரிசையிலிருந்து கிடையாது. கேமரா எவ்வளவு அருமையாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

கெடு எப்போது தொடங்கியது?

அப்டேட் காலம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்த மாடல் உலகத்தில் முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. சீல் உடைக்காத பெட்டியில் மூன்று வருடம் கிடங்கில் கிடந்த போனுக்கும் கெடு மூன்று வருடம் குறைந்துதான் இருக்கும். 'புத்தம் புதுசு, பழைய ஸ்டாக்' என்று வருபவற்றில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

கணக்கு எளிது. கூகுள் பிக்சல் 8, 2023 அக்டோபரில் ஏழு வருட உறுதியோடு வந்தது, 2030 வரை போகும். சாம்சங் எஸ்24 வரிசைக்கும் அதே ஏழு வருடம், 2024 ஜனவரியில் அறிவித்தது. அதற்கு முந்தைய எஸ்22, எஸ்23 இரண்டுக்கும் நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட்டும்தான். எனவே எஸ்22-க்கு 2027 தொடக்கம், எஸ்23-க்கு 2028 தொடக்கம். பிக்சல் 6-க்கு 2026 அக்டோபர். ஒரு வருட வித்தியாசத்தில் எஸ்23-இலிருந்து எஸ்24-க்குத் தாவினால் மூன்று வருடம் கூடுதலாகக் கிடைக்கிறது. செகண்ட் ஹேண்ட் சந்தை இதற்கு இன்னும் சரியான விலை போடக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம், வாங்குபவருக்கு அது நல்லது.

ஆப்பிள் ரொம்பக் காலம் எந்த உறுதியும் எழுதிக் கொடுக்காமலே அதிக காலம் கொடுத்துவந்தது. 2013-இல் வந்த ஐபோன் 5எஸ் 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் பெற்றது. பெரிய பதிப்புகள் அவ்வளவு காலம் வருவதில்லை: 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் இரண்டையும் 2025-இல் வந்த ஐஓஎஸ் 26 கைவிட்டது. தோராயமாக ஏழு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கெடு முடிந்தால் என்ன ஆகும்? மறுநாள் காலையிலும் போன் வழக்கம்போல எழும். ஆண்ட்ராய்டில் குரோம் பிளே ஸ்டோர் வழியாகத் தொடர்ந்து புதுப்பிக்கப்படும், ஆகவே பிரவுசர் ஓட்டைகள் அடைபட்டுக்கொண்டிருக்கும். 'அப்டேட் நின்றால் அன்றே ஆபத்து' என்பது மிகை. ஆனால் ஆப்களால் தொட முடியாத இடங்கள் உண்டு. 2023 மார்ச்சில், பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, சாம்சங் எக்ஸினோஸ் மோடம்களில் (போனில் நெட்வொர்க்கோடு பேசும் பாகம்) 18 ஓட்டைகளை வெளியிட்டது. அவற்றில் நான்கு, போன் நம்பர் மட்டும் தெரிந்தாலே தூரத்திலிருந்து மோடத்துக்குள் நுழைய வழி விடுபவை. போன் வைத்திருப்பவர் எதையும் தொட வேண்டாம், எந்த லிங்க்கையும் அழுத்த வேண்டாம். திருத்தம் வரும் வரை வோல்டியையும் வைஃபை காலிங்கையும் அணைத்துவையுங்கள் என்றார்கள். அப்டேட் காலத்தில் இருந்த பிக்சல் 6, 7 போன்களுக்குத் திருத்தம் வந்தது. இதே மாதிரி ஓட்டை நாளை கெடு முடிந்த போனில் வந்தால் அது அப்படியேதான் கிடக்கும், பிளே ஸ்டோரால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு பக்கம் ஆப்கள் தாமாகவே கைவிடுகின்றன. 2025 மே மாதம் வாட்ஸ்அப் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள ஐபோன்களை விட்டது, 5எஸ், 6, 6 பிளஸ் எல்லாம் அதோடு போயின. பேங்க் ஆப்கள் இன்னும் சீக்கிரம் விடும். லினேஜ்ஓஎஸ் போன்ற மாற்று மென்பொருள் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சரி, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு பூட்லோடர், அதாவது போன் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள், திறக்க வேண்டும், அது வேறொரு பூட்டு. அமெரிக்க கேலக்ஸி மாடல்களில் அதைத் திறக்கவே விடமாட்டார்கள். திறந்த போனில் பல பேங்க் ஆப்கள் முரண்டு பிடிக்கும். மோடத்தின் உள்ளே ஓடும் மென்பொருளையும் அது புதுப்பிக்காது. பணப் பரிமாற்றம் செய்யும் ஒரே போனாக அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கம்பெனியே மூடிவிட்டால்? ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ரூபின் 2017-இல் எசென்ஷியல் என்ற போனைக் கொண்டுவந்தார். டைட்டானியம் விளிம்பு, செராமிக் முதுகு. விற்கவில்லை. வெளிவந்து இரண்டே மாதத்தில் விலையைக் கால் பங்குக்கு மேல் குறைத்தார்கள், அப்புறமும் இறங்கிக்கொண்டே போனது. பேரம் தேடுபவர்களுக்கு அது விருந்து: 2018 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 9 வந்த அன்றே, பிக்சலோடு சேர்ந்து, இதற்கும் வந்தது. 2020 பிப்ரவரியில் கம்பெனி மூடியது, கடைசி அப்டேட்டும் அதோடு முடிந்தது. 2018-இல் அடிமாட்டு விலைக்கு வாங்கியவருக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் நல்ல போன் கிடைத்தது, காசு வீண் என்று சொல்ல முடியாது. எல்ஜி 2021 ஏப்ரலில் போன் தொழிலை விடுவதாக அறிவித்து, 2025 ஜூன் கடைசியில் அப்டேட் சர்வர்களையும் நிறுத்தியது. இப்போது சீல் உடைக்காத எல்ஜி ஃபிளாக்‌ஷிப் ஒன்று கிடைத்தால், முன்பு வெளியிட்ட அப்டேட்டுகளைக்கூட அதில் இறக்க முடியாது.

பேட்டரி

லித்தியம் அயான் பேட்டரி இரண்டு விதமாக வயதாகிறது. சார்ஜ் ஏறி இறங்குவதால் ஒன்று, சும்மா கிடப்பதால் இன்னொன்று. முதலாவதுக்கு ஆப்பிள் எண் கொடுக்கிறது: ஐபோன் 14 வரை 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம், ஐபோன் 15 முதல் 1000 சுற்றுக்குப் பிறகு. இரண்டாவதுக்கு விளம்பரத்தில் இடமில்லை. சூடான கிடங்கில் கிடந்தால் வேகமாகத் தேயும், சார்ஜ் முழுதாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் திரும்ப ஏறாமலே போகலாம். பெட்டி உடைக்காத பழைய ஸ்டாக் போனுக்குச் சுற்று எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டினாலும் பேட்டரி புதிது என்று நம்ப வேண்டாம்.

தேய்ந்த பேட்டரி சீக்கிரம் தீர்வது மட்டுமல்ல, கேமராவைத் திறக்கும் நேரத்தில் கேட்கும் மின்சாரத்தைத் தர முடியாமல் போனையே அணைத்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் ஆப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்தது. 2017 டிசம்பரில் விஷயம் வெளிவந்து, மன்னிப்புக் கேட்டு, மறு வருடம் முழுக்கக் குறைந்த கட்டணத்தில் பேட்டரி மாற்றிக் கொடுத்தது. 2025-இல் கூகுள் பிக்சல் 4ஏ, 6ஏ போன்களில் சிலவற்றுக்கு பேட்டரி அதிகச் சூடாவதைத் தடுக்கவென்று ஒரு அப்டேட் அனுப்பி, எவ்வளவு சார்ஜ் ஏறலாம் என்பதையே குறைத்தது. பழைய போனை வாங்கும்போது இந்த மாதிரி வரலாறு அந்த மாடலுக்கு உண்டா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

என் வழக்கம், மூன்று வயதான எந்த போனுக்கும் புது பேட்டரி செலவையும் சேர்த்தே விலை என்று எடுத்துக்கொள்வது. மாற்றும்போது ஒரு விஷயம் போகும்: தண்ணீர் தாங்கும் தன்மை. ஐபி68 என்பது போன் புதிதாக இருந்தபோது ஆய்வகத்தில் கிடைத்த மதிப்பெண். உள்ளே ஒட்டியிருக்கும் பசை வருடங்களில் தளரும், முதுகைத் திறந்து ஒட்டினால் யார் ஒட்டினார் என்பதைப் பொறுத்தது. பழைய போனைத் தண்ணீரில் முக்கிக் காட்ட வேண்டாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது முதலில் திரை. வெளிச்சத்தைக் குறைத்து, முழுக்கச் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறங்கள். ஓஎல்இடி திரையில் கீழ்ப்பகுதியில் கீபோர்டின் கோடுகளும் மேலே பேட்டரி அடையாளமும் நிழல் மாதிரி தெரிந்தால் அது போகாது. வெள்ளைப் படத்தில் பல நேரம் இது கண்ணுக்குப் படாது, சாம்பலில் மாட்டிக்கொள்ளும். கேமராவில் பெரிய லென்ஸ், டெலிபோட்டோ, அகல லென்ஸ் ஒவ்வொன்றையும் தனியாகத் திறந்து அசையாத பொருளைப் படம் பிடியுங்கள். படம் துடித்தால் உள்ளே லென்ஸைத் தாங்கும் பாகம் போயிருக்கிறது. சார்ஜர் ஒயர் தளர்வாக இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், பாதி நேரம் அது பாக்கெட்டுப் பஞ்சு.

ஐபோனில் ஒரு சௌகரியம். 'அபௌட்' பக்கத்தில் மாடல் எண்ணின் முதல் எழுத்து எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிசெய்து விற்றது, என் என்றால் ஆப்பிள் மாற்றிக் கொடுத்தது. ஐபோன் 12-இலிருந்து, பேட்டரியோ திரையோ கேமராவோ மாற்றியிருந்தால் அது அசல் பாகமா என்றும் அதே பக்கத்தில் காட்டும். 'ஒரு கீறல்கூட இல்லை, ஒரு கை மாறியது' என்று சொல்லும் விற்பவரிடம் இந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் சுருதி மாறும். ஆண்ட்ராய்டில் இந்த அளவுக்கு இல்லை, கேலக்ஸியில் *#0*# அடித்தால் திரை, சென்சார், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் சோதிக்கும் பக்கம் வரும்.

இப்போது கணக்கு. கேட்கும் விலையோடு பேட்டரி செலவைக் கூட்டுங்கள். அப்டேட் முடிய எத்தனை மாதம் இருக்கிறதோ அதால் வகுங்கள். அதே வகுத்தலைப் புது நடுத்தர போனுக்கும் செய்யுங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் ஃபிளாக்‌ஷிப்புக்குப் பத்து மாதம்தான் மிச்சம் என்றால், மாதத்துக்கு அது புது ஃபிளாக்‌ஷிப்பைவிட அதிகமாக விழும். இரண்டு வயதான, ஏழு வருட உறுதி உள்ள போன் என்றால் இந்தக் கணக்கில் அதை வெல்வது கஷ்டம். மாதக் கணக்கில் ஃபிளாக்‌ஷிப் கொஞ்சம் அதிகமாக வந்தாலும் நல்ல கேமராவுக்காக அதைக் கொடுக்கலாம், அது அவரவர் விருப்பம். இரட்டிப்பாக வந்தால் நான் கொடுக்க மாட்டேன்.

ஸ்டோரேஜில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேலக்ஸி எஸ் வரிசையில் 2021-இன் எஸ்21 முதல் மெமரி கார்டு இடமே இல்லை, ஐபோனிலும் பிக்சலிலும் எப்போதும் இருந்ததில்லை. புதிதாக வாங்கும்போது பெரிய ஸ்டோரேஜுக்குக் கேட்கும் கூடுதல் விலை, பழையதாகும்போது பெரும்பாலும் கரைந்துபோகிறது. 128-க்கும் 256-க்கும் செகண்ட் ஹேண்டில் இடைவெளி சின்னது.

எப்போது வாங்குவது என்று கேட்டால், புது மாடல் வந்து சில வாரம் கழித்து. ஐபோன் செப்டம்பரில் வரும், கேலக்ஸி எஸ் வருடத் தொடக்கத்தில், பிக்சல் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள். எக்ஸ்சேஞ்சில் வந்த போன்கள் கடைகளை நிறைக்கும் நேரம் அது. தனியாள் விற்பதைவிடக் கொஞ்சம் விலை கூடினாலும், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குவது என் தேர்வு. அந்தத் திருப்பும் நாட்களுக்குள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்: உங்கள் சிம்மில் ஒரு முழு நாள், வீட்டின் உள் அறையிலிருந்து ஒரு நீண்ட கால், பேங்க் ஆப்பில் ஒரு பரிமாற்றம், நிறுத்தாமல் பத்து நிமிடம் 4கே வீடியோ, ஒரு இரவு முழுக்கச் சார்ஜர் இல்லாமல்.